சூட்டுக்குள் தண்ணீர்: ஸ்டோனி கோவ் குறிப்புகள்

2024 பெப்ரவரி 3, சனி

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர். ஸ்டோனி கோவ், நீர் நிரம்பிய பழைய கற்குழி, இப்போது சுழியோடும் இடம். தண்ணீர் 6 பாகை. அடியில் மூழ்கிக் கிடக்கும் ஸ்டேன்கார்த் இழுவைப்படகுக்குப் பக்கத்தில், 20 மீட்டரில், இடது மணிக்கட்டில் சில்லென்று ஒரு கோடு. என் உலர் சூட்டில் (உள்ளே காற்று விட்டு, உடம்பை நனையாமல் வைக்கும் உடை) தண்ணீர் புகாமல் மணிக்கட்டைக் கவ்வும் லேட்டக்ஸ் சீல் கிழிந்துவிட்டது. கொஞ்ச நேரத்திலேயே குளிர் விலா வரைக்கும் ஏறிவிட்டது.

கையைத் தூக்கினால் கிழிசல் வழியாகவே காற்று முழுக்கப் போய்விடும். தாழ்த்தியே வைத்துக்கொண்டு, மிதப்பை விங்குக்கு, அதாவது முதுகிலுள்ள காற்றுப்பைக்கு, மாற்றினேன். கூடச் சுழியோடிய அண்ணை என் கையைப் பார்த்துவிட்டுப் பெருவிரலை உயர்த்தினார், மேலே போவோம் என்ற சைகை. ஏற ஏற விங்கில் உள்ளது விரியும். சிறுகச் சிறுக விட்டபடி ஏறினோம்.

கரையேறினதுதான் பெரும்பாடு. தண்ணீருக்குள் இல்லாத பாரம், படியில் கால் வைத்ததும் வந்து சேர்ந்தது. "அவசரப்பட்டு எழும்பாதையும் தம்பி, அப்படியே இரும். தண்ணி வடியட்டும்" என்றார்.

பெப்ரவரி 4, ஞாயிறு

சூட் நிரம்பினால் நேரே அடிக்குப் போய்விட மாட்டாயா என்று வீட்டில் கேட்டார்கள். தண்ணீருக்குள் தண்ணீருக்குப் பாரமில்லை. நம்மைக் கீழே இழுப்பது உள்ளே வந்த நீர் அல்ல, வெளியே போன காற்று. சூட்டிலும் உள்ளாடையிலும் இருந்த 10 லீட்டர் காற்று போனால் 10 கிலோ மிதப்புப் போச்சு.

என் கணக்கு: இரட்டை 12 லீட்டர் உருளைகளில் 232 பார் அழுத்தத்தில் காற்று, அதன் எடையே ஆறரைக் கிலோவுக்கு மேல். போன மிதப்பு, இந்த எடை, இரண்டையும் விங்தான் தாங்க வேண்டும்; கூட்டினால் ஏறத்தாழ 17. என் விங் தூக்குவது 18. நேற்று உருளை பாதி காலி, அதனால் தெரியவில்லை.

மொன்டானாவில், மெக்டொனால்ட் ஏரியில், 2020 நவம்பர் 1 அன்று இறந்த 18 வயதுப் பிள்ளையின் கதையும் இந்தக் கணக்குத்தான். சூட்டுக்குள் காற்றுவிடும் குழாயே பூட்டப்படவில்லை. ஆழம் கூடக்கூட உள்ளிருந்த காற்று சுருங்கி, சூட் உடம்பை நெரித்தது. சுமந்த ஈயமோ 20 கிலோ, சுலபத்தில் கழற்ற முடியாத பைகளுக்குள். சூட் நனைந்தால்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் அதை வாசிக்க வேண்டும்.

பெப்ரவரி 17, சனி

புதுச் சீல், நிரம்பிய உருளைகள், 6 மீட்டர் ஆழத்திலுள்ள தட்டு. முதலில் சூட்டைக் காலியாக்கி விங்கில் மட்டும் நின்றேன், நின்றது. ஆனால் எவ்வளவு வெளியேற்றினாலும் உள்ளாடைக்குள் காற்று ஒட்டிக்கொண்டிருக்கும், இது அரைப் பரீட்சைதான். மிச்சத்துக்குக் கழுத்துச் சீலை விரலால் விலக்கித் தண்ணீரை விட்டேன். (காரில் ஹீட்டர், ஃபிளாஸ்கில் இஞ்சித் தேநீர். ஆனாலும் பைத்தியக்கார வேலை.)

விங் தாங்கியது, விளிம்பு வரைக்கும் ஊதின பிறகு. மேற்பரப்பில் தலையை உயர்த்தி வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

22 கிலோ விங் ஒன்றைச் சொல்லிவைத்திருக்கிறேன். முதுகுத்தகட்டில் பூட்டியிருந்த ஈயத்தில் 4 கிலோவை இடுப்புப் பட்டிக்கு மாற்றியாயிற்று. ஆழத்தில் அதைக் கழற்றினால் அம்புபோல மேலே போய்விடுவோம். மேலே வந்த பிறகு கழற்றத்தான் அது. அண்ணைக்கு இன்னும் திருப்தியில்லை, 6 கிலோ என்கிறார்.