யாரும் எழுதாத குறிப்பேடு

சர்வர் பராமரிப்பு வேலை, ஷிஃப்ட் முறை. எங்கள் டீம் முழுவதற்கும் பொதுவாக ஒரு குறிப்பேடு இருந்தது. எந்தக் கோளாறு ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று எழுதிவைக்க வேண்டிய இடம். ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் அடித்தால் எல்லோரும் முதலில் அதைத்தான் திறப்போம். எழுதத்தான் ஆளில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சரிசெய்து முடித்ததும் கண் சொருகும், நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று அந்தக் கோளாறுக்கான புகார்ப் பதிவை (டிக்கெட்டை) மூடிவிட்டுப் போவேன், அவ்வளவுதான்.

மேனேஜர் புள்ளி முறை கொண்டுவந்தார். ஒரு குறிப்புக்கு இத்தனை புள்ளி, மாதக் கடைசியில் பரிசு. இரண்டே மாதத்தில் குறிப்பேடு குப்பைமேடு ஆகிவிட்டது. ஒரே கோளாறை மூன்றாக உடைத்து மூன்று பக்கம், "அணைத்துவிட்டு மறுபடி போடவும்" என்ற ஒரே ஒரு வரிக்குத் தனிப் பக்கம். அதைவிட மோசம், அதுவரை தாமாகவே எழுதிவந்த இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். கேட்டதற்கு ஒருவர், "பரிசுக்குத்தான் எழுதறேன்னு நினைப்பாங்க, எதுக்கு வம்பு" என்றார். புள்ளியை எடுத்த பிறகும் அவர்கள் திரும்பவில்லை.

இஸ்ரேலில் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஆய்வைப் பற்றி அப்புறம்தான் படித்தேன். 2000இல் வெளியானது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வந்தால் அபராதம் என்றார்கள், தாமதமாக வருவோர் அதிகமாகிவிட்டார்கள். ஆசிரியரைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்தால் சரி என்றாகிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. எங்கள் கதைதான், கூட்டல் கழித்தல் மட்டும் மாற்றி.

மாற்றம் வந்தது வேறு வழியில். டீமுக்குப் புதிதாக வந்த பெண் ஒருவர், டிஸ்க் நிரம்பினால் என்ன செய்வது என்ற பழைய குறிப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "மூன்றாவது படியைச் செய்யாதீர்கள், அந்த ஃபோல்டரில் இப்போது பேக்கப் இருக்கிறது." அடுத்த வாரம் அதே அலாரம் எனக்கு அடித்தது. அரைத் தூக்கத்தில் அழிக்கும் கட்டளையை அடித்து முடித்து, என்டரைத் தட்டப்போகும் நேரத்தில்தான் அந்த வரி கண்ணில் பட்டது. காலையில் ஷிஃப்ட் மாறும்போது எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "நீங்க எழுதினதாலதான் நேத்து தப்பிச்சேன்மா." அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்த கையோடு, தள்ளிப்போட்டிருந்த இரண்டு குறிப்புகளை அன்றே எழுதி முடித்தேன், கொஞ்சம் வெட்கத்தோடுதான். அதிலிருந்து ஷிஃப்ட் மாறும்போது யாருடைய குறிப்பு உதவியது என்று ஒரு வார்த்தை சொல்வது வழக்கமானது. யாரும் உத்தரவு போடவில்லை.

பொதுநிதி விளையாட்டு என்று பொருளாதார ஆய்வாளர்கள் நடத்தும் சோதனையிலும் இதையே காண்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் கையில் இருக்கும் பணத்தில் விரும்பியதைப் பொது உண்டியலில் போடலாம், சேர்ந்ததைப் பெருக்கி, போட்டவர் போடாதவர் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஏறக்குறையப் பாதிப் பேர், மற்றவர்கள் போட்டால் நானும் போடுவேன் என்கிற ரகம். சுற்றுக்குச் சுற்று பங்களிப்பு குறைந்துகொண்டே போவதற்கும் இவர்களே பெரிய காரணம், ஏனென்றால் அடுத்தவர் போடாததைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்வதும் இவர்கள்தான். பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே விதி வகுத்து, ஒருவரையொருவர் கவனித்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டிய எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஆனால் அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் மேய்ச்சல் நிலம், மீன்வளம், பாசன நீர் போல எடுக்க எடுக்கக் குறைகிறவை. குறிப்பேடு எத்தனை பேர் படித்தாலும் தேயாது, அதனாலேயே அதை யாரும் தன் கவலையாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னும் ஒரு மூத்தவர் எழுதுவதே இல்லை. திட்டிப் பயனில்லை. போன வாரம் அவர் வாயால் சொல்லச் சொல்ல நானே தட்டச்சு செய்து, அவர் பெயரில் போட்டேன். மறுநாள் பார்த்தால் அதில் இருந்த இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தி, ஒரு படியையும் சேர்த்திருக்கிறார்.