நித்தியகல்யாணியும் அந்த ஒரு ஊசியும்

எங்களுக்கு கோவில்பட்டி பக்கம், கரிசக்காடு. நித்தியகல்யாணிய எங்க ஊர்ல சுடுகாட்டுப் பூன்னுதான் சொல்லுவாங்க, வீட்டுக்குள்ள கொண்டு வந்தா ஆச்சி திட்டும். கசப்புக்கு ஆடுகூட வாய் வைக்காது. மானாவாரியா வெதச்சு இலையும் வேரும் காயவச்சு வியாபாரிக்கு போடுறவங்க உண்டு, "மருந்துக்குப் போகுது"ன்னு சொல்லுவாங்க, என்ன மருந்துன்னு நான் கேட்டதே இல்ல.

அக்கா மகனுக்கு அஞ்சு வயசுல ரத்தப் புற்றுநோய் வந்துச்சு. ஆரம்பத்துல வாரா வாரம் வின்கிரிஸ்டின் ஊசி. சிஸ்டர் சிரிஞ்ச வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாங்க, பச்சத்தண்ணி மாதிரி இருக்கும், ஒரு மில்லிகூட வராது. இது நித்தியகல்யாணி இலையில இருந்து எடுக்குறதுதான்னு டாக்டர் சொன்னப்ப எனக்கு அப்படியே நம்ம காடு கண்ணு முன்னாடி வந்துருச்சு.

அன்னைக்கு ராத்திரியே உக்காந்து படிச்சேன். இந்தச் செடிக்கு பூர்வீகம் மடகாஸ்கர். ஜமைக்காவுல சக்கரைக்கு இந்த இலையில டீ போட்டுக் குடிப்பாங்களாம், அந்த இலை 1952-ல கனடாவுக்குப் போயிருக்கு, அங்க ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க எலிக்கு ஊசியா போட்டுப் பாத்தா சக்கரை குறையல, வெள்ளை அணுதான் கொறஞ்சு எலியெல்லாம் கிருமி தொத்தி செத்துப்போச்சு. அத அப்படியே தூக்கிப் போடாம, வெள்ளை அணு கன்னாபின்னான்னு பெருகுற நோய்க்கு இது உதவுமேன்னு யோசிச்சாங்க பாருங்க, அங்கதான் இருக்கு விஷயம். அதுல கெடச்சது வின்பிளாஸ்டின்ங்கிற புற்றுநோய் மருந்து. அதே செடியில இருந்து வந்த வின்கிரிஸ்டினுக்கு 1963-ல அமெரிக்கா அனுமதி குடுத்துச்சு. செல் ரெண்டா பிரியுறப்ப குரோமோசோமை இழுத்துப் பிரிக்க உள்ள நூல் நூலா ஒண்ணு கட்டும், அத இது கட்டவே விடாது, அதனால செல் பெருக முடியாது.

இத கேட்டதும் பெரியம்மா ஒரு கை இலைய பறிச்சுட்டு வந்துட்டாங்க, "கஷாயமா குடுப்போம்யா, ஊசி வலியாவது மிச்சமாகும்"னு. பாசத்துலதான் சொன்னாங்க, ஆனா நான் விடல. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு டன் கணக்குல காஞ்ச இலை வேணும், மத்தபடி இலையில ஆல்கலாய்டுன்னு சொல்ற வேதிப்பொருளே நூறு வகை இருக்கு, எது எவ்வளவுன்னு கஷாயத்துல யாரு அளக்குறது? ஊசியில பிள்ளையோட உயரம் எடை பாத்து கணக்குப் போட்டுத்தான் ஏத்துறாங்க, பெரியவங்களுக்கே ஒரு தடவைக்கு பொதுவா 2 மில்லிகிராம தாண்ட மாட்டாங்க. ரத்தக்குழாயில மட்டும்தான் போடணும், தண்டுவடத்துல போனா உயிரே போயிடும். அவ்ளோ அளந்து போட்டும் இவனுக்கு தாடை வலிச்சுச்சு, மலச்சிக்கல்ல அழுவான், பாதத்துல பலம் போயி தரையில தொப்பு தொப்புன்னு அடிச்சு நடந்தான். வாட்ஸாப்புல "பத்து இலை போதும், கேன்சர் காலி"ன்னு வர்றத ஃபார்வேர்டு பண்றவங்க அந்த நடைய ஒரு தடவை பாத்திருக்கணும்.

ரெண்டரை வருசம் வைத்தியம் ஓடி முடிஞ்சுது. போன மாசம் ஊருக்கு வந்திருந்தான், வரப்பு மேல செருப்பில்லாம நடந்தான், குதிகால் நல்லா ஊணுது. பெரியம்மா அவன் பாதத்தையேதான் பாத்துட்டு இருந்தாங்க.