யோபுவுக்குக் காட்டப்பட்ட பறவைகள்

குமரி மாவட்டத்தில் வாழும் என்னைப் போன்றவர்களுக்கு ஜனவரி 14ஆம் நாள் இரண்டு வேலைகளைக் கொண்டுவருகிறது. பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழகமெங்கும் பறவை ஆர்வலர்கள் குளங்களுக்கும் வயல்களுக்கும் போய்ப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். 1752ஆம் ஆண்டு அதே ஜனவரி 14 அன்றுதான் ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள காற்றாடிமலையில், கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்விட்ட மறைசாட்சியாகப் போற்றப்படும் தேவசகாயம் சுட்டுக்கொல்லப்பட்டார். கத்தோலிக்கத் திருஅவை அந்த நாளையே அவருடைய விழாவாகக் கொண்டாடுகிறது. ஆகவே அதிகாலையில் தேரூர்க் குளத்தில் தொடங்கி, மணக்குடிக் காயல் வழியாகக் கோட்டாறு பேராலயத்துக்கு வந்து, மாலைக்குள் காற்றாடிமலையை அடையும் ஒரு பயணத்தை ஆண்டுதோறும் மேற்கொள்கிறேன். ஸ்கூட்டரில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு போவதைத் திருப்பயணம் என்று ஏற்கலாமா என்று ஒரு பங்குத்தந்தையிடம் கேட்டேன். திருப்பலிக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தால் ஏற்கலாம் என்றார்.

கவிமணி பிறந்த தேரூரின் குளமும் அதை அடுத்த சுசீந்திரம் குளமும் பழையாற்றுப் பாசனத்தோடு சேர்ந்தவை. 2022ஆம் ஆண்டு சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலை இந்த நீர்ப்பரப்பை ஒட்டியே போவதால், பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்திருப்பவருக்கும் நாரைகள் தெரியும். ஆனால் நின்று பார்ப்பவர் குறைவு. விடியலில் தாணுமாலயன் கோயில் கோபுரம் தென்னைகளுக்கு மேலே தெளிவாகும்போது, மஞ்சள் அலகுடைய நாரைகள் ஆழமில்லாத நீரில் வாயைத் திறந்துவைத்துத் துழாவிக்கொண்டிருக்கும். கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்திவரும். தாமரை இலைகளின் மேல் நீளவால் இலைக்கோழி நீண்ட விரல்களைப் பரப்பி நடக்கும். ஜனவரியில் அதற்கு அந்த நீளமான வால் இருப்பதில்லை, இனப்பெருக்க காலத்தில்தான் வளரும். அதன் உறவினமான பறவை ஒன்றை ஆஸ்திரேலியாவில் இயேசு பறவை என்று வேடிக்கையாக அழைப்பதுண்டு, தண்ணீரின் மேல் நடப்பதுபோல் தெரிவதால்.

குமரித்துறையில் நீராடிவிட்டு வடக்கே திரும்பும் நாரையைத் தன் மனைவியிடம் தூதாக அனுப்பிய பழைய புலவருக்கு, வலசைப் பறவைகள் இந்த மண்வரை வந்து திரும்புகின்றன என்பது தெரிந்திருந்தது. நாரையும் தகைவிலானும் தாம் வரவேண்டிய காலத்தை அறிந்திருக்கின்றன, மக்களோ ஆண்டவரின் நெறியை அறியவில்லை என்று இறைவாக்கினர் எரேமியா வருந்துவதைப் பின்னாளில் வாசித்தபோது, எனக்குப் பழக்கமான ஊர் ஒன்றிலிருந்து யாரோ பேசுவதாகத் தோன்றியது.

எங்கள் வீட்டில் சாமி படம் எதுவும் கிடையாது. அப்பா தொழிற்சங்கத்துக்காரர், தீவிரமான பகுத்தறிவாளர். பறவை பார்த்தலை அவர் முழு மனதோடு ஊக்குவித்தார். அது அறிவியல் என்பதால். கணக்கெடுப்பில் ஒரு விதி உண்டு: குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தைக் கவனித்து, அரிய பறவைகளை மட்டுமல்லாமல், கண்ணில் பட்டு அடையாளம் தெரிந்த எல்லா இனங்களையும் எழுத வேண்டும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அரியதை மட்டும் குறித்த பட்டியல் ஆய்வாளருக்கு அவ்வளவாகப் பயன்படாது, ஏனெனில் எது இல்லை என்பதை அதிலிருந்து அறிய முடியாது. இந்த விதிதான் என்னை மாற்றத் தொடங்கியது என்று நினைக்கிறேன். அதுவரை அழகானதைத் தேடிப் போய்க்கொண்டிருந்த கண், நீர்க்காகத்தின் முன்னாலும் மடையானின் முன்னாலும் அதே பொறுமையோடு நிற்கக் கற்றுக்கொண்டது. யாரும் பொருட்படுத்தாத ஒன்றைக் கவனித்து எழுதும்போது, இது ஏற்கனவே யாராலோ கவனிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது, நான் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறேன் என்ற உணர்வு வரும். அதற்கு அப்போது நான் எந்தப் பெயரும் வைக்கவில்லை.

நற்செய்தியில் அதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. மத்தேயு எழுதியதில் ஒரு காசுக்கு இரண்டு சிட்டுக்குருவிகள் விற்கப்படுகின்றன. லூக்கா எழுதியதில் இரண்டு காசுக்கு ஐந்து. இரண்டு காசுக்கு நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது குருவி கொசுறு. வடசேரிச் சந்தையில் காய்கறி வாங்கிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடவுள் அவற்றுள் ஒன்றைக்கூட மறப்பதில்லை என்று இயேசு சொல்லும்போது, விலையே இல்லாத அந்த ஐந்தாவதையும் சேர்த்துத்தான் சொல்கிறார். ஆயிரம் மறையுரைகள் கேட்டாலும் இந்த ஒரு வசனத்தின் அருகில்தான் நான் நிற்பேன்.

தேரூரிலிருந்து மணக்குடி அதிகத் தொலைவில்லை. பழையாறு கடலில் கலக்கும் இடம் அது. அலையாத்திச் செடிகளும் சேற்றுத் திட்டுகளும் உள்ள காயலில் பவளக்கால் உள்ளான்களும் ஆலாக்களும் இருக்கும். உப்பளங்களின் பக்கம் சிறிய கரைப்பறவைகள் ஓடிக்கொண்டிருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் காலையில், ஆழிப்பேரலை இங்கிருந்த பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போனது. இந்தக் கரையில் எத்தனை வீடுகளில் ஆளில்லாமல் போயிற்று என்பதை ஊர்க்காரர்கள் இன்னும் சொல்வார்கள். ஆலயத்துக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் அலை பிரித்துப் பார்க்கவில்லையே, அப்புறம் என்ன கடவுள் என்று அப்பா அன்று கேட்டார். அது நேர்மையான கேள்வி. அதற்கு எளிதாகப் பதில் சொல்பவர்களை இன்றும் நான் நம்புவதில்லை.

அந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் கழித்து, காயல் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் கேட்டேன். அந்த அலையில் தம் குடும்பத்தினரைப் பறிகொடுத்தவர் அவர் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. "மக்ளே, அதுக்கு எங்கிட்ட பதிலு கெடையாது. யோபு கதைய ஒருக்க வாசி. அவனுக்கும் பதிலு கெடைக்கல்ல. ஆனா அவன்கிட்ட ஆண்டவரு நேர்ல வந்து பேசினாரு," என்றார். பிறகு வலைக்குத் திரும்பிவிட்டார்.

விவிலியத்தில் அந்த நூலை வாசித்தேன். பிள்ளைகளையும் உடைமைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபு நியாயம் கேட்கிறான். நண்பர்கள் அத்தியாயம் அத்தியாயமாக விளக்கம் சொல்கிறார்கள், அந்த விளக்கங்களைக் கடவுள் கடைசியில் கண்டிக்கிறார். கடவுளோ விளக்கமே சொல்வதில்லை. சூறாவளியின் நடுவிலிருந்து பேசத் தொடங்கி, வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா, காக்கைக் குஞ்சுகள் பசியால் கதறும்போது இரை கொடுப்பவர் யார், தீக்கோழியைப் பார்த்தாயா, வல்லூறு தெற்கு நோக்கிச் சிறகை விரிப்பது உன் அறிவினாலா என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போகிறார். துயரத்தில் கிடப்பவனுக்கு இது ஆறுதலா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கரையில் மணிக்கணக்கில் நின்று பழகிய ஒருவருக்கு அந்தப் பட்டியல் வேறு விதமாக ஒலிக்கும். அவன் வேலிக்கு வெளியே, அவனுக்கு எந்தப் பயனும் தராமல் வாழும் உயிர்களைக் காட்டி, இவற்றையெல்லாம் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறார். தன் இழப்பைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாதிருந்தவன் அதன் முடிவில் தலை நிமிர்கிறான். எனக்குள் கேள்வி அப்படியே இருந்தது, ஆனால் அதைக் கேட்பதற்கு எதிரில் ஒருவர் இருக்கிறார் என்பதும் உறுதியாயிற்று.

இதற்குப் பிறகுதான் தேவசகாயத்தின் வரலாறு எனக்கு நெருக்கமானது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசப் பணியில் இருந்தவர். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்து மனம் உடைந்திருந்த காலத்தில், குளச்சல் போரில் பிடிபட்டுப் பின் மார்த்தாண்ட வர்மரின் படையில் சேர்ந்த, டச்சுக் கம்பெனியின் படை அதிகாரியாக இருந்த டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1745இல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். நான் தேடிப் போய் வாசித்த நூல், இதே மாவட்டத்தில் ஒருவரை ஏற்கனவே அழைத்திருந்தது.

கோட்டாறு தூய சவேரியார் பேராலயத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. டிசம்பர்த் திருவிழாவின் கூட்டமும் கடைகளும் ஓய்ந்து, ஜனவரியில் பேராலயம் சற்று அமைதியாக இருக்கும். கிறிஸ்துவே இருப்பதாக நாங்கள் நம்பும் அப்பத்தின் முன் செபிக்கும் நற்கருணை ஆராதனையில் அமர்வது எனக்கு ஆரம்பத்தில் கடினமாக இருக்கவில்லை. பேசாமல், அசையாமல், வருமோ வராதோ என்று தெரியாத ஒன்றுக்காகக் காத்திருக்கும் பயிற்சி குளக்கரையில் கிடைத்திருந்தது. ஒரு வேறுபாடு உண்டு. பறவை வராமல் போகலாம். இங்கே ஆண்டவர் முன்பே வந்திருக்கிறார், வராமல் இருப்பது நாம்தான்.

பழைய ஆலயங்களின் பீடங்களிலும் நற்கருணைப் பேழைகளிலும் கூழைக்கடாவைச் செதுக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. தன் நெஞ்சைக் கொத்திக் குஞ்சுகளுக்குக் குருதி ஊட்டும் என்ற பண்டைய நம்பிக்கையால், கிறிஸ்துவின் அடையாளமாக அது அமைந்தது. புனித தாமஸ் அக்குவினாரும் நற்கருணைப் பாடலில் அப்படி அழைக்கிறார். உயிரியல்படி இது உண்மையன்று. அலகை மார்போடு அழுத்திப் பையிலுள்ள மீனைக் குஞ்சுகளுக்குக் கொடுப்பதைத் தொலைவிலிருந்து கண்டவர்கள் அப்படி எண்ணியிருக்கக்கூடும். அப்பா இதைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பார். எனக்கு அது இடறலாக இல்லை. கூழைக்கடா குருதி கொடுப்பதில்லை, கிறிஸ்து கொடுத்தார், அவ்வளவுதான். உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய இரவில், நான் திருமுழுக்குப் பெற்ற பாஸ்கா திருவிழிப்பின்போது அப்பா ஆலயத்துக்குள் வரவில்லை. நள்ளிரவு தாண்டி வழிபாடு முடியும்வரை வாசலில் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

காற்றாடிமலை அடிவாரத்துக்கு வரும்போது பிற்பகலாகிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றும் முப்பந்தல் காற்றாலைகளும் பிரசித்தம். மறைசாட்சியின் இறுதி வேளையில் பாறையிலிருந்து மணியோசை எழுந்தது என்று சொல்லி, அந்தப் பாறையைத் தட்டிப் பார்ப்பவர்கள் கூட்டமாக இருப்பார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்த பிறகு திருப்பயணிகள் அதிகம். விழா நாளில் ஒலிபெருக்கியின் சத்தம் அளவு மீறுவதாக நான் கருதுகிறேன். அந்த மலையின் காற்றே போதுமான இசை. சென்ற ஆண்டு செந்நிற வல்லூறு ஒன்று பாறைச் சரிவுக்கு மேலே காற்றை எதிர்கொண்டு, தலையை அசைக்காமல், சிறகை மட்டும் அடித்தபடி ஓரிடத்திலேயே நின்றது. இவற்றுள் சில குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருபவை, சில மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே தங்குபவை. செபமாலையோடு அருகில் நின்ற அம்மா ஒருவர் நான் எதைப் பார்க்கிறேன் என்று கேட்டார். தொலைநோக்கியைக் கொடுத்து, யோபுவின் நூலில் வரும் வல்லூறு இந்த இனமாகக்கூட இருக்கலாம் என்றேன். "எங்க வீட்டுக் கோழிக்குஞ்ச தூக்குறவன்லா இவன்!" என்றார். கோழிக்குஞ்சைத் தூக்குவது பெரும்பாலும் வைரி என்ற வேறொரு வேட்டைப் பறவையாக இருக்கும் என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் திருப்பலிக்கு மணியடித்தது, இருவரும் உள்ளே போனோம்.