ஈட்டனை விட்டு வந்த வாத்தியார்

நல்ல வேலையை உதறிவிட்டு வந்தவர்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு முதலில் எழும் கேள்வி, அப்புறம் குடும்பம் எப்படி ஓடியது என்பதுதான். சைவ உணவுக்காகவும் விலங்குகளுக்காகவும் வாதாடிய ஆங்கில எழுத்தாளர் ஹென்றி சால்ட் விஷயத்திலும் அதைத்தான் தேடினேன்.

1851-இல் நைனிதாலில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். அங்கே பேர்பெற்ற ஈட்டன் பள்ளியில் படித்தார், கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் லத்தீனும் முடித்தார், ஈட்டனுக்கே ஆசிரியராகத் திரும்பினார். அங்கே இருக்கும்போதுதான் இறைச்சியை விட்டார். சக ஆசிரியர்களுக்கு அது வேடிக்கையாகப் போயிற்று. பின்னாளில் அவர்களை ‘தொப்பியும் அங்கியும் போட்ட நரமாமிசம் தின்னிகள்’ என்று எழுதிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

நானும் பள்ளி ஆசிரியராக இருந்தவன்தான். கறி சமைக்கும் வீட்டில் பிறந்து நடுவயதில் நிறுத்தியவன். ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்தால், “என்ன சார், மாலை போட்டிருக்கீங்களா?” என்பார்கள். இல்லை என்றால் டாக்டர் சொன்னாரா என்று கேட்பார்கள். வேறொரு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. நம் ஊரில் சைவத்தோடு சாதிப் பெருமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனால் நானாக அந்தப் பேச்சை எடுக்கக் கூச்சம். சால்ட்டின் ஊரில் சைவத்தால் யாருக்கும் மதிப்புக் கூடவில்லை. ஒருவேளை அதனால்தான் அவரால் தாராளமாகச் சண்டை போட முடிந்தது.

1884-இல் வேலையை விட்டு, கேட் என்ற தன் மனைவியுடன் சர்ரேயில் டில்ஃபோர்டு கிராமத்துச் சிறு வீட்டுக்குப் போனார். வேலையாள் கிடையாது. ஆசிரியர் அங்கியைக் கிழித்துத் தோட்டத்துக் கொடிகளைக் கட்டினார். குடும்பம் எப்படி ஓடியது என்றால், செலவைச் சுருக்கித்தான்.

1886-இல் சைவ உணவுக்காக வாதாடி ஒரு நூல் எழுதினார். லண்டனில் பசியோடு அலைந்த காந்தி, ஃபாரிங்டன் தெரு சைவ உணவகத்தில் அதை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டுதான் சாப்பிடப் போனார். 1891-இல் மனிதருக்கும் விலங்குக்கும் நடக்கும் கொடுமைகளை எதிர்க்கும் மனிதநேய லீக் என்ற அமைப்பைத் தொடங்கிய பிறகு, ஈட்டன் மாணவர்கள் நாய்களை விட்டு முயல் வேட்டையாடுவதையும் சால்ட் எதிர்க்காமல் விடவில்லை. பழைய பள்ளியோடு இப்படி மல்லுக்கு நிற்க எனக்குத் தைரியம் வராது.

அப்படிப்பட்டவர், அங்கே நடத்திய லத்தீனை மட்டும் கடைசிவரை கைவிடவில்லை. ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸை மொழிபெயர்த்தார். 1928-இல், எழுபத்தைந்தைத் தாண்டிய வயதில், வர்ஜிலின் லத்தீன் காவியமான ஈனியட் முழுவதையும் ஆங்கிலச் செய்யுளில் கொண்டுவந்தார். ஓய்வுபெற்ற பிறகு பழைய பாடப்புத்தகத்தைத் தொடக்கூட எனக்கு மனம் வரவில்லை. அவர் சைவரானதைவிட இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.