ராமேஸ்வரம் போற வழியில ராமநாதபுரத்துல இறங்குங்க

ராமேஸ்வரம் போற பஸ்ஸு எங்க ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கும்போது பாதி பேரு தூக்கத்துல இருப்பாங்க, மீதி பேரு இறங்கி ஒரு டீயைக் குடிச்சிட்டு மறுபடி ஏறி உக்காந்துக்குவாங்க, அவ்வளவுதான் எங்க ஊருக்குக் கிடைக்கிற மரியாதை. அங்கிட்டு ஒரு ஆட்டோ புடிச்சா கொஞ்ச நேரத்துல அரண்மனை வாசல். உள்ள முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி வரைஞ்ச ஓவியம் சுவர் சுவரா நெறஞ்சு கிடக்குது. ஆனா பாம்பன் பாலத்துல செல்ஃபி எடுக்கணும், அக்னி தீர்த்தத்துல முங்கணும், ராத்திரி ட்ரெயினைப் புடிக்கணும்னு ஓடுற ஓட்டத்துல யாரு கண்ணுலயும் இது படுறதில்ல. எனக்கு ரொம்ப நாளா இதுல ஒரு ஆதங்கம், அதான் எழுதுறேன்.

எங்க அண்ணன் குடும்பம் கோயம்புத்தூர்ல இருக்குது. லீவு விட்டா அவங்களுக்கு ஊட்டி, இல்லேன்னா கொடைக்கானல். ஏண்ணே எப்பப் பாரு மலைக்கே போறீங்கன்னு கேட்டா, சின்ன ஊரு, நடந்தே சுத்தலாம், பழைய கட்டடம் இருக்குது, போட்டிங் இருக்குது, பசங்களுக்கும் போரடிக்காதுன்னு அடுக்குவாரு. இந்தப் பொங்கல் லீவுக்கு நான் ஒரே பிடியா நின்னுட்டேன், நீங்க சொல்ற அத்தனையும் நம்ம ஊர்ல இருக்குது, மலை ஒண்ணுதான் கிடையாது, வாங்கன்னு. மலைன்னு நாங்க கைகாட்டணும்னா ராமேஸ்வரம் தீவுல இருக்கிற கந்தமாதன பர்வதத்தைத்தான் காட்டணும், அதுவும் மணல்மேடுதான், ஆனா மேல ராமர் பாதம் இருக்கிற மண்டபத்துல ஏறி நின்னா தீவும் சுத்தி இருக்கிற கடலும் ஒரே பார்வையில தெரியும், அந்த உயரம் எங்களுக்குப் போதும்.

மொத நாள் காலையில நேரா ராமலிங்க விலாசம். எங்க சீமையை ஆண்ட ராஜாக்களுக்குச் சேதுபதின்னு பட்டம், அதுல கிழவன் சேதுபதிதான் போகலூர்ல இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாத்தினாரு, அவரு காலத்துல, அதாவது 17-ம் நூற்றாண்டு கடைசியில எழும்பின அரண்மனை இது. ராமேஸ்வரம் சாமி பேரையே வச்சிருக்காங்க. கட்டின விதமும் கோயில் மாதிரியேதான், மொதல்ல மகா மண்டபம், அதுக்கு உள்ள அர்த்த மண்டபம், அதையும் தாண்டிப் போனா கருவறை இருக்க வேண்டிய இடத்துல ராமர் பீடம், அங்க வச்சுத்தான் சேதுபதிகளுக்குப் பட்டாபிஷேகம் நடக்கும். வெளியில இருந்து பாக்கும்போது பெரிசா ஒண்ணும் தோணாது, சுண்ணாம்பு அடிச்ச பழைய கட்டடம், அவ்வளவுதான். உள்ள கால் வச்சு கண்ணு இருட்டுக்குப் பழகுறதுக்கு ஒரு நிமிஷம் குடுங்க. அப்புறம் பாருங்க, சிவப்பு, காவி, மஞ்சள்னு சுவர் முழுக்க ஆளுங்க நடமாடுறாங்க.

ஓவியமெல்லாம் பெரும்பாலும் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துல, 18-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல வரைஞ்சது. தசரதர் யாகத்துல தொடங்கி சீதை கல்யாணம் வரைக்கும் பால காண்டம், கட்டம் கட்டமாப் போகுது. கிருஷ்ணர் கதை இருக்குது. தஞ்சாவூர் மராட்டியப் படையோட நடந்த சண்டை இருக்குது. எனக்கு ரொம்பப் புடிச்சது ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதி கையில செங்கோலைக் குடுக்கிற படம், நான் ஆளுறது அம்மன் குடுத்த உரிமையிலன்னு ஊருக்கே சொல்லணும்னா இதைவிட நேரா எப்படிச் சொல்ல முடியும். இன்னொரு இடத்துல தொப்பி போட்ட வெள்ளைக்காரங்க ராஜாவைப் பாக்க வந்திருக்காங்க. எங்க கடல்ல கிடைச்ச முத்துக்கும் சங்குக்கும்தான் டச்சுக்காரங்க இந்தக் கரையையே சுத்திக்கிட்டு இருந்தாங்க, அதை மனசுல வச்சுக்கிட்டு அந்தப் படத்தைப் பாத்தா யாரு யாருகிட்ட எதுக்கு வந்து நிக்கிறாங்கன்னு புரியும்.

இந்த வாட்டி எனக்குப் புதுசா ஒண்ணு கிடைச்சது, அது மதினியால. மதினி பரமக்குடியில தறிக்காரக் குடும்பத்துல பொறந்தவங்க, சின்ன வயசுல இருந்து பாவு, ஊடைன்னு கேட்டே வளந்தவங்க. நான் செங்கோலு, சண்டைன்னு கதை சொல்லிக்கிட்டு இருக்கேன், அவங்க அதையெல்லாம் விட்டுட்டு ஒரு சுவரோரமா நின்னு பொம்பளைங்க கட்டியிருக்கிற துணியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "இங்க வாங்க, இந்தக் கரையைப் பாருங்க, இது வேற, பக்கத்துல நிக்கிற பொண்ணோட கரை வேற, ஒண்ணு போல இன்னொண்ணு இல்ல"ன்னாங்க. அப்புறம்தான் நானும் கிட்டக்கப் போய்ப் பாத்தேன். ஒரு சேலையில கட்டம், அடுத்ததுல சின்னச் சின்னப் புட்டா, இன்னொண்ணுல கோடு கோடா, ஆம்பளைங்க இடுப்புக் கச்சையிலயும் பூ வேலை. ஒவ்வொரு பூவையும் பொட்டுப் பொட்டா தூரிகை நுனியில வச்சிருக்காங்க. வரைஞ்சவரு பேரு நமக்குக் கிடைக்கல, ஆனா அவருக்குத் துணி தெரிஞ்சிருக்கு, அவரு ஊர்ல என்ன உடுத்தினாங்களோ அதைத்தான் ராமாயணத்துக்கும் உடுத்தி விட்டிருக்காருன்னு மதினி சொன்னாங்க. எனக்கு அது சரின்னுதான் படுது. அவங்க நகர்ற வரைக்கும் நாங்க யாரும் அவசரப்படுத்தல, அண்ணன் பசங்க கூட எந்தச் சேலை நல்லா இருக்குன்னு போட்டி போட ஆரம்பிச்சிட்டாங்க.

இதே ராமலிங்க விலாசத்துலதான் 1798 செப்டம்பர்ல கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை வரச்சொல்லி, உக்காரக்கூட விடாம நிக்க வச்சு விசாரிச்சது. அந்தச் சந்திப்பு கைகலப்புல முடிஞ்சு, கும்பெனி ஆபீசர் கிளார்க் செத்துப் போனான், கட்டபொம்மன் தப்பிச்சிட்டாரு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1795-லேயே முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பெனிக்காரன் பதவியில இருந்து இறக்கிட்டான். அம்மன் கையால செங்கோல் வாங்கின ராஜாவோட படம் மேல இருக்கு, அதே கூரைக்கு அடியில எவனோ ஒருத்தன் கடல் தாண்டி வந்து நம்ம ஆளை நிக்க வச்சுக் கேள்வி கேக்குறான். பாடப்புத்தகத்துல படிக்கும்போது வராத கோவம் அங்க நிக்கும்போது வரும்.

ஒண்ணு சொல்லிடுறேன். கைக்கு எட்டுற உயரத்துல சில இடத்துல பேரைக் கீறி வச்சிருக்காங்க, ஹார்ட்டு வேற. பாத்தாலே வயிறு எரியுது. தயவுசெஞ்சு சுவரைத் தொடாதீங்க, பசங்களையும் தொட விடாதீங்க, கையில இருக்கிற எண்ணெயும் வேர்வையும் பட்டாலே போதும், காரை உதிர ஆரம்பிச்சிரும். அது போச்சுன்னா போனதுதான்.

மத்தியானத்துக்கு மேல கீழக்கரை ரோட்டுல வண்டியைத் திருப்பினோம். வழியில திருப்புல்லாணி, ராமர் தர்ப்பைப் புல்லு மேல படுத்திருக்கிற கோலம், 108 திவ்ய தேசத்துல ஒண்ணு, நடை சாத்தியிருந்த நேரம்கிறதால வெளியில நின்னு கும்பிட்டுட்டுக் கிளம்பிட்டோம். கீழக்கரையில பழைய ஜும்மா பள்ளிவாசல் கண்டிப்பாப் பாக்கணும், தொழுகை நேரம் இல்லாதப்போ, அங்க இருக்கிறவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க, தன்மையா வழி சொல்லுவாங்க. முழுக்கக் கல்லு. தூணு, தூணு தலையில உத்திரத்தைத் தாங்குற போதிகை எல்லாம் நம்ம கோயில் மண்டபத்துல பாக்கிற அதே கைவேலை, சிலை மட்டும் இருக்காது, பூவும் கொடியும்தான். கோயிலுக்குச் செதுக்கின அதே மரபுல வந்த ஆசாரிங்க கைதான் இதுன்னு பாத்தாலே தெரியும்.

செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு சொல்லுவோம்ல, அந்தச் சீதக்காதி இந்த ஊருதான். செய்கு அப்துல் காதிர் மரைக்காயர், பெரிய கடல் வியாபாரி, உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடுறதுக்குத் துணையா நின்னவரு. கிழவன் சேதுபதிக்கு உயிர்ச் சிநேகிதம், ராஜா தன்னோட பட்டத்தையே குடுத்து விஜய ரகுநாத பெரியதம்பி மரைக்காயர்னு கூப்பிட்டாரு. காலையில பாத்த அரண்மனையும் சாயங்காலம் பாத்த பள்ளிவாசலும் ரெண்டு சிநேகிதங்க ஊருன்னு நினைச்சா எனக்கு மனசு நெறஞ்சிரும், இந்தக் கரையில பொறந்ததுக்குப் பெருமையா இருக்கும்.

கீழக்கரையில என் கூடப் படிச்ச தோழி வீடு இருக்குது. போன நேரம் அவங்க உம்மா தொதல்ங்கிற இனிப்பைக் கிண்டிக்கிட்டு இருந்தாங்க. அரிசி மாவு, தேங்காய்ப் பால், கருப்பட்டி, பெரிய உருளியில போட்டு அடுப்புல ஏத்திட்டா அப்புறம் கையை எடுக்கவே கூடாது, மணிக்கணக்கா கிண்டணும். மொதல்ல தண்ணியா கொதிக்கும், அப்புறம் கூழா இறுகும், அப்புறம் கரண்டியில ஒட்டாம கருப்பா பளபளன்னு சுருண்டு வரும், ஓரத்துல தேங்கா எண்ணெய் பிரிஞ்சு நிக்கும், அதுதான் பதம். அண்ணன் கரண்டியை வாங்கிக் கொஞ்ச நேரம் கிண்டிப் பாத்தாரு. "தம்பி, அடியில புடிச்சிரும், நல்லா அழுத்திக் கிண்டுங்க வாப்பா"ன்னு உம்மா அடுப்பை விட்டு நகராமப் பக்கத்துலேயே நின்னாங்க. ஆறின பிறகு வெட்டிக் குடுத்தாங்க, முந்திரி கடிபட, கருப்பட்டி வாசத்தோட, சொல்றதுக்கு இல்ல. கடையிலயும் கிடைக்குது, வாங்கிட்டுப் போங்க, பனை ஓலைப் பெட்டியும் சேத்து வாங்குங்க, அதைப் பின்னுறவங்களுக்கும் நாலு காசு கிடைக்கும்.

அடுத்த நாள் கடல். எங்க பக்கம் கடலே ரெண்டு, தெக்க மன்னார் வளைகுடா ஆண் கடல், அலை அடிச்சுக்கிட்டே இருக்கும், வடக்க பாக் நீரிணை பெண் கடல், குளம் கணக்கா அமைதி. பசங்க இருக்கிறதால பெண் கடல் பக்கம் போனோம், தொண்டி போற ஈ.சி.ஆர் ரோட்டுல காரங்காடு. மீனவ கிராமம், வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து அலையாத்திக் காட்டுக்குள்ள படகு விடுறாங்க, கயாக்கும் இருக்குது. லைஃப் ஜாக்கெட் மாட்டி விட்டு ஊர்த் தம்பி ஒருத்தர் கூடவே வந்தாரு. ரெண்டு பக்கமும் பச்சை மரம், தண்ணிக்கு மேல குச்சி குச்சியா நீட்டிக்கிட்டு மூச்சு வேரு, சேத்துல காத்து கிடைக்காதுல்ல, அதனால வேரே மேல வந்து மூச்சு விடுது. அண்ணன் பையன் அதை எண்ண ஆரம்பிச்சு முடியாம விட்டுட்டான். இந்த வேருக்கு நடுவுலதான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிஞ்சு வளருது, சுனாமி வந்த பிறகுதான் இந்தக் காட்டோட அருமை நெறைய பேருக்குப் புரிஞ்சதுன்னு அந்தத் தம்பி சொல்லிக்கிட்டே துடுப்புப் போட்டாரு. கரைக்கு வந்ததும் நண்டு சூப்பு. குண்டு மிளகாய்க் காரம் எங்க ஊரு ஆளுங்களுக்குச் சாதாரணம், கோயம்புத்தூர்க்காரங்களுக்குக் கண்ணு கலங்கிருச்சு. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின மிளகாயாச்சே.

திரும்பி வரும்போது இருட்டுறதுக்குள்ள சக்கரக்கோட்டை கண்மாய்க்குப் போயிட்டோம். ராமநாதபுரம் டவுனை ஒட்டியே இருக்கிற பறவை சரணாலயம், 2025-ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேத்தாங்க. கருவேல மரம் பூரா பறவை. வடகிழக்குப் பருவமழை நல்லா பெஞ்ச வருஷமா இருந்தா தண்ணியும் இருக்கும், பறவையும் இருக்கும், மழை பொய்ச்சா ரெண்டும் இருக்காது, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி கண்மாயில தண்ணி இருக்கான்னு விசாரிச்சிட்டு வாங்க.

வரணும்னா பொங்கலை ஒட்டி வாங்க, பனங்கிழங்கு அப்பத்தான் ரோட்டோரம் கட்டுக் கட்டா வச்சிருப்பாங்க, வெயிலும் தாங்குற மாதிரி இருக்கும். மார்கழித் திருவாதிரைக்கு வர்றவங்க உத்தரகோசமங்கையையும் சேத்துக்கோங்க, வருஷம் பூரா சந்தனக் காப்புல இருக்கிற மரகத நடராஜரை அன்னைக்கு மட்டும்தான் காப்பு களைஞ்சு பாக்க முடியும், கூட்டம் நெரியும், கைக்குழந்தையோட போறவங்க யோசிச்சுக்கோங்க. ராமலிங்க விலாசத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, மத்த நாள்ல காலையிலேயே போயிருங்க, வெளிச்சம் நல்லா இருக்கும், ஒரு மணி நேரத்துல முடிச்சிரலாம்னு மட்டும் பிளான் போடாதீங்க, அரை நாள் ஒதுக்குங்க.