கொலுப் பெட்டிக்குப் பின்னால்

மே 21, 2024
என் கணவர்மேல் டாலஸ் கோர்ட் கொடுத்த பாதுகாப்பு உத்தரவு, 20 நாளைக்கு. பேப்பரை மூன்றாக மடித்து அக்கா வீட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பாப்பா தூங்கிவிட்டாள்.

மே 23
வக்கீலம்மாவின் முதல் கேள்வி: "எத்தனை துப்பாக்கி இருக்கிறது?" ஒன்று. எங்கே? படுக்கையறை அலமாரி மேல்தட்டில், கொலுப் பெட்டிக்குப் பின்னால், நம்பர் பூட்டு போட்ட சாம்பல் நிறப் பெட்டி. நம்பர், பாப்பாவின் பிறந்த தேதி. கொலு என்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டே போனார்.

பாதுகாப்பு உத்தரவுக்கு உட்பட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1994லிருந்தே மத்தியச் சட்டம் உண்டாம். மீறினால் 15 வருஷம் வரை சிறை. ஆனால் எதிராளிக்கு நோட்டீஸ் போய், அவருக்கும் பேச வாய்ப்புக் கொடுத்தபின் வரும் உத்தரவுக்குத்தான் அது பொருந்தும். என்னிடம் இருப்பது என் பேச்சை மட்டும் கேட்டுக் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் கண்ணில் இந்த 20 நாளும் பெட்டி அங்கேயே இருக்கலாம். கோபம் தலைக்கேறி நிற்கிற நாட்களே இவைதானே?

மே 28
விடிகாலையில் பெருங்காற்று. டாலஸில் பல இடங்களில் கரண்ட் இல்லை. ஜன்னல் அதிர்ந்தபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.

ஜூன் 3
சம்மன் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லையாம். வாய்தா. அரிசி டப்பாவுக்கு அடியில் இன்னொரு பேப்பர்.

ஜூன் 4
அப்பா போன். ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பெரியப்பாவோட ரெட்டைக்குழல் இன்னும் ஸ்டேஷன்லதான் கெடக்கு. எலெக்ஷன் வந்தா ஒப்படைச்சிடணும்ல. ரசீது பீரோவுல இருக்கு." கொக்கு சுடக்கூட எடுக்காத துப்பாக்கி அது. கொஞ்சம் நிறுத்தி, "மாப்பிள்ளை குடுத்துட்டாராம்மா?" என்றார். இல்லப்பா. "யாரும் வந்து வாங்கலியா?"

ஜூன் 8
அவர் துப்பாக்கி வாங்கிய அன்று கடைக்கு நானும்தான் போயிருந்தேன். படிவத்தில் ஒரு கேள்வி: துணையையோ குழந்தையையோ மிரட்டவோ துன்புறுத்தவோ கூடாது என்று உங்கள்மேல் கோர்ட் உத்தரவு உண்டா? அதை எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். 'இல்லை' என்று குறித்தார். அன்றைக்கு அது உண்மை.

ரஹிமி வழக்கைப் பற்றி இன்று முழுக்கப் படித்தேன். அது நடந்த ஆர்லிங்டன் இங்கிருந்து அரைமணி நேரம். 2020இல் ரஹிமி என்பவன்மேல் ஒரு பெண் வாங்கிய உத்தரவு, அதற்கப்புறமும் அவன் வீட்டில் துப்பாக்கி. தண்டனையும் ஆனது. 2023இல் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றுவிட்டது. டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி மூன்றும் அதன் கீழே. நான் இறுதி உத்தரவே வாங்கினாலும், உச்ச நீதிமன்றம் வேறு மாதிரிச் சொல்லும்வரை இந்த ஊரில் அந்தப் பிரிவுக்குப் பல் இல்லை. 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்புதான் மூலம்: துப்பாக்கிச் சட்டம் எதுவானாலும் நாட்டின் பழைய வழக்கத்தில் அதற்கு வேர் காட்ட வேண்டுமாம். பெண்டாட்டியை அடித்தவன் கையிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் துப்பாக்கியைப் பிடுங்கினார்களா என்று ஏட்டைப் புரட்டுகிறார்கள். அடிப்பதையே குற்றமாக நினைக்காத காலத்தில் போய்த் தேடினால் என்ன கிடைக்கும்?

ஜூன் 14
காலை ஒன்பதுக்கு "துப்பாக்கி வழக்கில் தீர்ப்பு" என்று போனில் வந்தது. கை நடுங்கித் திறந்தால் வேறு வழக்கு, பம்ப் ஸ்டாக், துப்பாக்கியைப் படபடவென்று சுட வைக்கும் கருவி. நீதிபதிகள் 6-3, தடை போச்சு. இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. துடைத்தேன்.

ஜூன் 15
நம்பரை மாற்றியிருப்பாரா?

ஜூன் 21
ரஹிமி தீர்ப்பு வந்துவிட்டது. 8-1. சட்டம் செல்லும்.

அக்கா கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதியிருக்கிறார்: சட்டம் அம்பர் பிசினுக்குள் சிக்கி உறைந்து கிடக்க வேண்டியதில்லை. ஒருவரால் ஆபத்து என்று அஞ்சினால் அவரிடம் ஜாமீன் வாங்கிவைக்கும் பழைய சட்டங்கள் இருந்தனவாம், மனைவி புருஷன்மேல்கூடக் கேட்டிருக்கிறாளாம். அதுதான் வேர். யாரோ ஒருத்தி எப்போதோ கேட்டுவைத்தது எனக்கு உதவுகிறது. நீதிபதி தாமஸ் மட்டும் மறுப்பு. 2022 தீர்ப்பை எழுதியதும் அவர்தான்.

மத்தியானம் ரசம் சோறு, இரண்டு தட்டு.

ஜூன் 24
இறுதி உத்தரவு. இரண்டு வருஷம். நீல முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தான். நான் இஸ்திரி போட்டது. நீதிபதி துப்பாக்கிப் பத்தியைச் சத்தமாக வாசித்தார். அவன் தலையாட்டினான். வீட்டில் இல்லை, ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டேன் என்றான். எந்த நண்பர், எப்போது, யார் பார்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.

ஜூன் 25
அப்பாவிடம் உத்தரவு வந்துவிட்டது என்றேன். "ரசீது?" என்றார்.

ஜூன் 27
எந்த நண்பர் என்று தெரிந்துவிட்டது. நாலு மைல். போன வருஷம் கொலுவுக்கு வந்து சுண்டலைப் புகழ்ந்தவர்.

சனிக்கிழமை அவர் வீட்டில் பொட்லக், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகும் விருந்து. குழுவிலிருந்து என் நம்பரை எடுக்க மறந்திருக்கிறார்கள். "சாம்பார் சாதம் யார் கொண்டு வர்றீங்க?" என்று கேட்டிருக்கிறது. அதற்குக் கீழே அவன் பெயரில் ஒரு கட்டைவிரல்.