பின் சீட்டில் உட்கார்ந்து வந்த பலாப்பழம்

போன வருடம் மே மாதம் பிள்ளைகளின் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நடந்தது இது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் என் அம்மா வீடு. அங்கிருந்து சென்னைக்கு நாங்கள் எப்போதும் சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாகத்தான் வருவோம். அம்மா வீட்டிலிருந்து கிளம்புகிற கார் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டிக்கியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று, உரித்த தேங்காய் ஒரு சாக்கு, கடலை எண்ணெய் டின், மாவடு ஜாடி, வடாம் டப்பா, நடுவில் செருகிய முருங்கைக்காய்க் கட்டு. போதும்மா, இடமில்லை என்றால், "வண்டிதானே சுமக்கப் போவுது, நீயா சுமக்கப் போற?" என்பார் அம்மா.

பண்ருட்டியில் ரோட்டோரக் கடையில் வண்டியை நிறுத்திப் பலாப்பழம் வாங்கினோம். தராசில் 14 கிலோ காட்டியது. டிக்கியில் விரல் நுழைய இடமில்லாததால் பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் சாக்கை விரித்து அதன் மேல் வைத்தோம். பிள்ளைகள் இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள், பழம் போடவில்லை.

அடுத்த இருபது நிமிடத்தில், வேகம் சுமார் 60 இருக்கும்போது, இடது பக்கச் சந்திலிருந்து ஒரு டூவீலர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டுக்கு வந்தது. நான் பிரேக்கை முழுதாக மிதித்தேன், வண்டி நின்றது, டூவீலர்காரருக்கு ஒன்றுமில்லை. ஆனால் வண்டி நின்ற அதே நொடியில் சாக்கோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்த பலாப்பழம், எங்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் பாய்ந்து, என் இடது முழங்கையை முள்ளால் கீறிவிட்டு, கியர் லீவரில் மோதி நின்றது. கையில் ரத்தம் வந்ததுகூட அப்போது தெரியவில்லை. கீழே குனிந்து பார்த்ததும்தான் உயிரே போய்விட்டது. பின்னால் தரையில் கிடந்த பெரியவளின் எவர்சில்வர் தண்ணி பாட்டில் என் சீட்டுக்கு அடியில் உருண்டு வந்து, பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவில் கிடந்தது. இன்னும் ஒரு அங்குலம் இடது பக்கம் வந்திருந்தால் பிரேக் பெடலுக்கு அடியில் போய் அடைத்திருக்கும். அடுத்த தடவை மிதிக்கும்போது பெடல் இறங்கியிருக்காது.

அன்றைக்கு விக்கிரவாண்டி வரை நானும் என் கணவரும் பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்தபிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பள்ளிக்கூட இயற்பியல்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காருக்குள் இருக்கும் தேங்காயும் அதே 60-ல்தான் போகிறது. கார் எதிலாவது மோதி நின்றாலும் தேங்காய் நிற்காது. அந்த வேகத்தில் அது வந்து ஒரு ஆளை அடிப்பது, சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து அடிப்பதற்குச் சமம். நாலு மாடி உயரம் அது, நன்றாக வளர்ந்த தென்னை மரத்தின் உயரமும்தான். 100-ல் போனால் 39 மீட்டர் வருகிறது. தென்னை மரத்தடியில் நிற்காதே, காய் தலையில் விழும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே காயை ஒரு சாக்கு நிறைய, பிள்ளைகளின் தலைக்குப் பின்னால் கட்டாமல் வைத்துக்கொண்டு 300 கிலோமீட்டர் ஓட்டுகிறோம்.

இன்னொரு கணக்கும் உண்டு. மோதும் கார் 60-லிருந்து ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போலச் சுமார் 17 மடங்கு பலத்தோடு முன்னால் தள்ளும். என் 14 கிலோ பழம் கிட்டத்தட்ட கால் டன். 10 கிலோ குழந்தையை மடியில் வைத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்கிறோமே, அந்த நேரத்தில் கை தாங்க வேண்டியது 170 கிலோ. எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கிளம்புவதற்கு முன் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு சாமானையும் பார்த்து, இப்போது சடன் பிரேக் போட்டால் இது எங்கே போகும் என்று கேட்டுக்கொள்வேன். பதில் "எங்கேயும் போகாது" என்று வரும்வரை வண்டியை எடுப்பதில்லை. அவருக்கு முதலில் பொறுமை இல்லை, இப்போது அவரே கேட்கிறார்.

டிக்கியில் நான் அடுக்கும் முறையைச் சொல்கிறேன். கனமானது எல்லாம் கீழே, பின் சீட்டின் முதுகை ஒட்டி. அரிசிச் சிப்பத்தைப் படுக்க வைத்து, சீட்டோடு சேர்த்துத் தள்ளிவிட வேண்டும். இடைவெளி விட்டால் மோதும்போது அந்த இடைவெளியில் வேகம் பிடித்து வந்து சீட்டை இடிக்கும், ஒட்டியிருந்தால் அந்த இடி கிடையாது. அதை அடுத்துத் தேங்காய்ச் சாக்கு, வாயை இறுக்கிக் கட்டி. துணிப் பைகள் மேலே. நடுவில் இருக்கும் சந்துகளில் போர்வை, பழைய புடவை, தலையணை என்று எதையாவது திணித்துவிடுவேன், ஆடாமல் இருக்கும். சீட்டின் முதுகு உயரத்துக்கு மேல் எதுவும் ஏறக்கூடாது. டிக்கியை மூடும் அந்தத் தட்டைப் பலர் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கூரை முட்ட அடுக்குகிறார்கள். பின் கண்ணாடி மறைந்துபோவது ஒரு பக்கம், மேலே இருப்பது அப்படியே பிள்ளைகள் தலையில் வந்து விழும் என்பது இன்னொரு பக்கம். அந்தத் தட்டின் மேலும் எதையும் வைக்காதீர்கள், ஒரு குடைகூட வேண்டாம்.

எண்ணெய் டின், மாவடு ஜாடி மாதிரி சின்னதாக, ஆனால் கனமாக இருப்பவற்றுக்கு நல்ல இடம் முன் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால் வைக்கும் பள்ளம். பிள்ளைகளுக்குக் கால் அங்கே எட்டாது, இடமும் வீணாகாது. ஜாடியை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் நிறுத்திச் சுற்றிலும் துணி அடைத்துவிட்டால் சாயாது. சீட்டில்தான் வைத்தாக வேண்டும் என்றால் பெல்ட்டை அதன் குறுக்கே இழுத்து மாட்டுங்கள், ஆளுக்கு மாட்டுகிற மாதிரியே. பின்னால் ஆளே இல்லாமல் டிக்கியில் கனம் ஏற்றிப் போகும்போதும் பின் சீட்டு பெல்ட்டுகளை மாட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன், சீட்டின் முதுகுக்கு அது கூடுதல் தாங்கல்.

ஸ்டெப்னி டிக்கித் தரைக்கு அடியில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் பஞ்சரானால் மேலே இருக்கும் அரிசியும் தேங்காயும் முதலில் ரோட்டில் இறங்க வேண்டும். ஜாக்கி, ஸ்பானர், டார்ச், சிவப்பு முக்கோணம் ஆகியவற்றையாவது தனியாக ஒரு பையில் போட்டுக் கை எட்டும் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் ஒரு அளவு இருக்கிறது. வண்டியின் மொத்த அனுமதி எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் ஆட்களும் சாமானும் சேர்ந்த அளவு. என் வண்டிக்கு 430 கிலோ சொச்சம் வருகிறது. ஐந்து பெரியவர்கள் ஏறினாலே 325 போய்விடும், மிச்சம் 100 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். டிரைவர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் குறைந்த பாரத்துக்கும் முழு பாரத்துக்கும் தனித்தனியாக டயர் காற்றழுத்தம் போட்டிருப்பார்கள். பங்கில் "எல்லாத்துக்கும் 32" என்று சொல்லிவிடாமல், டயர் சூடாவதற்கு முன் அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து அடியுங்கள்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் கீழே, 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் பல கார்களில் இருக்கும். டிக்கியில் பாரம் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு தூக்கிக்கொள்ளும், லோ பீமில் போட்டாலும் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எண்ணைக் கூட்டக் கூட்ட வெளிச்சம் கீழே இறங்கும். எட்டு வருடம் இந்த வண்டியை ஓட்டுகிறேன், போன வருடம்தான் அதைத் தொட்டுப் பார்த்தேன். எத்தனை பேர் கண்ணைக் கூச வைத்திருப்பேனோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன இடங்கள். டிரைவர் சீட்டுக்கு அடியில் எதுவுமே இருக்கக்கூடாது, கழற்றிப்போட்ட செருப்புகூட. தண்ணி பாட்டிலுக்குக் கதவில் குழி இருக்கிறது, அங்கேதான் அது இருக்க வேண்டும். குளோவ் பாக்ஸை மூடியே வையுங்கள், திறந்து கிடக்கும் அந்த மூடி மோதலில் முன்னால் இருப்பவரின் முழங்காலை உடைத்துவிடும். சென்ட் ஸ்பிரே, லைட்டர், பவர் பேங்க் இதெல்லாம் வெயிலில் நிற்கும் காரில் வைக்கிற சாமான்களே இல்லை.

எங்கள் காரில் டேஷ்போர்டின் இடது பக்கம், ஏர்பேக் என்று பொறித்திருக்கும் எழுத்துக்கு நேர் மேலே, ஒரு பித்தளைப் பிள்ளையார் இருந்தார். வண்டி எடுத்த அன்று மாமியார் ஆசையாக வாங்கி ஒட்டியது. ஏர்பேக் விரிய ஆகும் நேரம் ஒரு நொடியில் நூறில் மூன்று பங்கு, கண் இமைப்பதைவிட வேகம். அந்த வேகத்தில் பித்தளை முன்னால் இருப்பவர் முகத்துக்கு வரும். மாமியாரிடம் சொல்லத் தயங்கினேன், சொன்னதும் அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அவரு வீட்டுலயே இருக்கட்டும்மா, வண்டிக்கு ஒரு ஸ்டிக்கர் போதும்" என்றார். ஸ்டிக்கர் ஸ்டியரிங்குக்கு வலது ஓரத்தில் இருக்கிறது. ஜன்னலுக்கு மேலே கைப்பிடிப் பக்கம் ஹேங்கரில் சட்டை மாட்டுகிறவர்களும் கவனியுங்கள், பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது விரிவது அந்த இடத்தில்தான்.

கட்டாத சாமானைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுக் கட்டாத ஆளைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. பின் சீட்டில் பெல்ட் போடாத 60 கிலோ ஆள், மேலே சொன்ன அதே கணக்கில், ஒரு டன் பலத்தோடு முன் சீட்டை வந்து இடிப்பார். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தபோது பின் சீட்டில்தான் இருந்தார், பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. விலை உயர்ந்த கார்தான் அது. பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம், போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பெல்ட் போடாதபோது வரும் எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்த ஒரு கிளிப் விற்றார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களை அதை நீக்கச் சொன்னது. உங்கள் வண்டியில் அந்தக் கிளிப் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

இந்த வருடமும் மே மாதம் போய்விட்டு வந்தோம். அம்மா வழக்கம்போல எல்லாவற்றையும் திண்ணையில் வரிசையாக வைத்திருந்தார், இந்த முறை தேங்காய்ச் சாக்கின் வாயைச் சணலால் தைத்தே வைத்திருந்தார். கிளம்பும் நேரத்தில் கொல்லையில் காய்த்த பலாப்பழம் ஒன்றை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, பின் கதவைத் திறந்து, "காலடியில வைக்கவா, இல்ல இதுக்கும் பெல்ட்டு போடுவியா?" என்று கேட்டார். காலடியில் வைத்தோம், இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து.